மெடிகேர் பிளானை மாற்றச் சொல்லும் தமிழ் ஏஜென்ட்டுகள்: ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் அப்பா, அம்மாவோடு இருப்பவர்கள் அக்டோபர் பிறப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மெடிகேர் (முக்கியமாக 65 வயது தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிளானை மாற்றிக்கொள்ளலாம். ஏஜென்ட்டுகளின் போன் விடாமல் அடிப்பதும் அப்போதுதான்.

என் அப்பாவுக்கு வயது 73. நியூ ஜெர்சியில் பல வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அவரிடம் அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேர், மருந்துக்கு பார்ட் டி, அப்புறம் மெடிகாப் பிளான் ஜி என்று மூன்றும் இருந்தன. மெடிகாப் என்பது மெடிகேர் கொடுத்தது போக நம் தலையில் விழும் பங்கைக் கட்டும் தனியார் பாலிசி. பிளான் ஜி இருந்தால், மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-யின் வருஷ டிடக்டிபிள், அதாவது முதலில் நாம் கட்டும் தொகை மட்டும் (2025-இல் 257 டாலர்) நம் பொறுப்பு. மெடிகேர் ஒப்புக்கொள்ளும் மீதிச் செலவுக்குக் கவலை இல்லை. ஆனால் அதன் பிரீமியம் வருஷா வருஷம் ஏறும். ஏஜென்ட் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

2024 கடைசியில் ஒரு சமூகக் கூடத்தில் இலவச சுகர் டெஸ்ட் நடந்தது. அப்பா அங்கே ஒரு தாளில் பெயரும் நம்பரும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே போன். "அங்கிள், மெடிகேர் பெனிஃபிட்ஸ் டிபார்ட்மென்ட்ல இருந்து பேசுறேன்" என்று அழகான தமிழ். அரசு மெடிகேர் இப்படிக் கூப்பிட்டு யாருக்கும் பிளான் விற்காது. நாம் அனுமதி கொடுக்காமல் ஏஜென்ட் போன் செய்து விற்பதே விதிமீறல்.

"எதுக்கு மாசா மாசம் வீணா கட்டுறீங்க? இது ஜீரோ பிரீமியம் அங்கிள். பல்லு, கண்ணாடி எல்லாம் சேர்த்து. மளிகைக்கு வேற கார்டு வரும்." என் கார்டியாலஜிஸ்ட் இதில் இருக்கிறாரா என்று அப்பா கேட்டிருக்கிறார். "எல்லா டாக்டரும் இருக்காங்க" என்று பதில். ஜீரோ பிரீமியம் என்றாலும் பார்ட் பி-க்கு மாதம் 185 டாலர் (2025 கணக்கு) கட்டித்தான் ஆக வேண்டும் என்பதையோ, அது நெட்வொர்க்கில், அதாவது பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்களிடம் மட்டுமே போகக்கூடிய ஹெச்எம்ஓ வகை அட்வான்டேஜ் பிளான் (ஒரிஜினல் மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் கம்பெனி நடத்துவது) என்பதையோ சொல்ல அந்த ஏஜென்ட் வாயே திறக்கவில்லை.

அதைவிட மோசம், மெடிகாப்பை ரத்து செய்யும் கடிதத்தையும் அவரே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியது. இன்னும் வைத்திருக்கிறேன். இரண்டே வரி, கையெழுத்து போடும் இடத்தில் மஞ்சள் வட்டம், பக்கத்தில் 'இங்கே சைன் பண்ணுங்க அங்கிள்'.

ஜனவரியில் கார்டியாலஜிஸ்ட் ஆபீஸில் ரிசப்ஷன் பெண் புது கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், எதையோ டைப் செய்தார், இந்த பிளானை நாங்கள் எடுப்பதில்லை என்றார். அப்பா ஏஜென்ட்டைக் கூப்பிட்டார். "நெட்வொர்க் மாறியிருக்கும் போல, செக் பண்ணிட்டு சொல்றேன்." அதோடு சரி, அப்புறம் அந்த ஆள் போனையே எடுக்கவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அட்வான்டேஜ் பிளானே மோசடி என்று நான் சொல்லவில்லை. மெடிகாப் பிரீமியம் கட்ட முடியாதவர்களுக்கு, தங்கள் டாக்டர்கள் நெட்வொர்க்கில் இருந்தால், அது உதவும். ஒரிஜினல் மெடிகேரில் இல்லாத வருஷச் செலவு உச்சவரம்பு அதில் உண்டு. ஏமாற்று நடந்தது திரும்பி வரும் வழியைப் பற்றிச் சொல்லாமல் மறைத்ததில்.

ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை அட்வான்டேஜிலிருந்து ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பலாம், பார்ட் டி-யும் எடுக்கலாம். மெடிகாப்தான் சிக்கல். 65 வயதுக்கு மேல் பார்ட் பி தொடங்கும் முதல் 6 மாதம் வரை உடம்பைப் பற்றிக் கேட்காமல் மெடிகாப் கொடுத்தாக வேண்டும். அது கடந்தால் பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனி கேள்வி கேட்கலாம், மாட்டேன் என்றும் சொல்லலாம். ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் நியூயார்க்கில் வருஷம் முழுக்க வாங்கலாம். நியூ ஜெர்சியில் அந்தக் கொடுப்பினை இல்லை. பழைய கம்பெனியைக் கூப்பிட்டால், ஸ்டென்ட் என்றதுமே கை விரித்துவிட்டார்கள்.

காப்பாற்றியது ஷிப் (SHIP). ஒவ்வொரு மாநிலத்திலும் மெடிகேர் ஆலோசனைக்காக அரசு நிதியில் நடக்கும் இலவச சேவை இது, கமிஷன் கிடையாது. அங்கே ஆலோசனை சொன்ன பெண்மணி முதலில் கேட்டது, "உங்கள் அப்பா அட்வான்டேஜில் சேர்ந்தது இதுதான் முதல் தடவையா?" மெடிகாப்பை விட்டுவிட்டு முதல் தடவையாக அட்வான்டேஜில் சேர்ந்தவர், ஒரு வருஷத்துக்குள் திரும்பினால், அதே கம்பெனி அதே பாலிசியை இன்னும் விற்கும் பட்சத்தில் கேள்வி கேட்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். டிரையல் ரைட் என்பார்கள். அட்வான்டேஜ் முடிந்து 63 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பெயரைச் சொல்லி எழுத்தில் கேட்டதும் அதே கம்பெனி பாலிசியைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கம்பெனியில் முதலில் போனில் பேசியவருக்கு இது தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இடையில் வந்த பில்கள் எங்கள் தலையில்தான்.

ஏஜென்ட் மேல் 1-800-633-4227-இல் புகார் கொடுத்திருக்கிறோம். பொய் சொல்லிச் சேர்த்திருந்தால் பிளானிலிருந்து வெளியேற தனி அவகாசம் கேட்கவும் இதே நம்பர்தான். போனில் சேர்த்திருந்தால் அந்தப் பேச்சு பதிவாகியிருக்க வேண்டும். மறக்காமல் அந்தப் பதிவைக் கேளுங்கள்.

பெரியவர்களிடம் ஒன்று சொல்லி வையுங்கள். சிவப்பு, வெள்ளை, நீல மெடிகேர் கார்டில் இருக்கும் நம்பரை, எவ்வளவு அன்பாக அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டாலும், தானாகப் போன் செய்கிறவரிடம் சொல்லக் கூடாது. பிளான் மாற்றியே ஆக வேண்டும் என்றால், டாக்டர் ஆபீஸுக்கு நீங்களே போன் போட்டு, பிளானின் முழுப் பெயரைச் சொல்லி, எடுப்பார்களா என்று கேட்ட பிறகு மாற்றுங்கள். புது பிளான் உறுதியாகும் முன் மெடிகாப்பை ரத்து செய்யவே வேண்டாம்.

உங்கள் வீட்டில் யாராவது மெடிகாப்பை விட்டுவிட்டு இப்படி மாறியிருந்தால், அட்வான்டேஜ் தொடங்கிய தேதியைப் பாருங்கள். பன்னிரண்டு மாதம் முடியவில்லை என்றால் இன்றைக்கே ஷிப்பைக் கூப்பிடுங்கள்.