தஞ்சை மெடிக்கலில் டிப்ளமாவா, தனியாரில் பி.எஸ்சி.யா? நர்சிங் சேர்வதற்கு முன் ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ மார்க் கைக்கு வந்ததும் டெல்டா வீடுகளில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்தான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த செவிலியர் பள்ளியில் மூன்று வருட டிப்ளமா, அதாவது ஜி.என்.எம்., ஒன்று. தஞ்சை, திருச்சி, நாகை வட்டாரத்தில் ஏதாவது ஒரு தனியார் கல்லூரியில் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் இன்னொன்று. அரசு பி.எஸ்சி. இடம் கிடைத்துவிட்டால் இந்த ஒப்பீடே தேவையில்லை. சென்னையோ மதுரையோ, பெட்டியைக் கட்டிவிடலாம். அந்த இடங்கள் குறைவு, கட்-ஆஃப் அதிகம் என்பதால்தான் மற்றவர்களுக்குக் குழப்பம்.

சேர்க்கையில் செய்யும் முதல் தப்பு தேதியில். மாநில ஒதுக்கீட்டு பி.எஸ்சி. இடங்களை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நிரப்புகிறது. இதற்கு நீட் வேண்டாம், ஜிப்மர் பி.எஸ்சி. போன்ற சில இடங்களுக்குத்தான் நீட் மதிப்பெண் கேட்பார்கள். டிப்ளமாவுக்குத் தனி அறிவிப்பு, தனி விண்ணப்பம். ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டுக்கும் அதுவே போதும் என்று இருந்துவிடக் கூடாது. பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி இந்தப் பாடங்களில் 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. டிப்ளமாவுக்கு எந்தக் குரூப் படித்தவரும் 40 சதவீதத்தோடு வரலாம் என்கிறது கவுன்சில். ஆனால் அரசுப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் முன் அந்த வருடத்து விளக்கக் குறிப்பேட்டில் பாடத் தகுதியை ஒரு முறை படித்துப் பாருங்கள்.

வேலை என்று வரும்போது பலர் நினைக்கிற அளவுக்கு வித்தியாசம் இல்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் செவிலியர் பணிக்கு இருவரும் விண்ணப்பிக்கலாம். தொடக்கம் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில்தான், இருவருக்குமே. எய்ம்ஸ் செவிலியர் வேலைக்கு நடத்தும் நார்செட் தேர்வில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பி.எஸ்சி. முடித்தவர் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்ததும் எழுதலாம். டிப்ளமாக்காரர் 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். எம்.எஸ்சி., ஆசிரியர் பணி என்று ஆசை இருந்தால் டிப்ளமாவுக்குப் பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தாக வேண்டும். ஆக நான்குக்குப் பதில் ஐந்து வருடம். நடுவில் வேலைக்குப் போய்க் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதில் உள்ள வசதி.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் வார்டு. தஞ்சையில் மெடிக்கலும் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியும் டெல்டா முழுக்க உள்ள கஷ்டமான கேஸ்கள் வந்து சேரும் இடங்கள். பிரசவம், பச்சிளங்குழந்தை, விபத்து, பாம்புக்கடி, பூச்சிமருந்து என்று பயிற்சியில் இருக்கும் மாணவி பார்க்காத நோயாளி இருக்க மாட்டார். தனியார் கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை ஆஸ்பத்திரி இருக்க வேண்டும், ஒரு மாணவருக்கு மூன்று நோயாளி என்ற கணக்கு வர வேண்டும், படுக்கைகளில் 75 சதவீதமாவது நிரம்பியிருக்க வேண்டும் என்பது கவுன்சில் விதி. படுக்கை போட்டுவிடலாம், ஆள் வர வேண்டுமே! ஆள் வராத ஆஸ்பத்திரியில் மாணவிகள் பொம்மையில் கற்றுக்கொண்டு, பிரசவக் குறிப்பேட்டில் பார்க்காத கேஸை எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். முதல் வேலைக்குப் போனதும் அது வெளியே வந்துவிடும்.

ஒரு சின்ன உதாரணம். 500 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். கையில் இருப்பது மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட். மொத்தம் 10,000 சொட்டு, 480 நிமிடம். நிமிடத்துக்கு 21 சொட்டு. வகுப்பில் இந்தக் கணக்கை எல்லோரும் போட்டுவிடுவார்கள். நோயாளி கையை மடக்கினால் ஓட்டம் குறைவதையும், ஸ்டாண்டை உயர்த்தினால் கூடுவதையும், குழாயில் உள்ள ரோலரைத் திருகிவிட்டு வாட்சைப் பார்த்து மறுபடி எண்ண வேண்டும் என்பதையும் கட்டில் பக்கத்தில் நின்றால்தான் கற்க முடியும். இதய நோயாளிக்கோ குழந்தைக்கோ இதில் தவறி வேகமாக ஏறிவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடலாம்.

அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது விடுமுறை நாளில் போகாதீர்கள். வேலைநாளில் காலை 10 மணிக்குப் போய் முதலில் ஆஸ்பத்திரி ஓ.பி.யைப் பாருங்கள், பிறகு வார்டை. மூன்றாம் வருட மாணவியைத் தனியாகப் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள்: லேபர் வார்டு போஸ்டிங் எங்கே, ஒரு ஷிப்டில் எத்தனை பேர், கூட நின்று சொல்லித்தருவது யார்? பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். "ஜி.எச்.சில் போஸ்டிங்" என்று பதில் வந்தால் அங்கே இன்னும் எத்தனை கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், கல்லூரி பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்றும் கேளுங்கள். விடியற்காலையில் எழுந்து வந்து ஒரே கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

நல்ல கூட்டம் உள்ள ஆஸ்பத்திரியோடு தனியார் பி.எஸ்சி. கிடைத்து, செலவும் தாங்கும் என்றால் பி.எஸ்சி.யே மேல். கடைசி செமஸ்டரில் வாரம் 48 மணி வீதம் 22 வாரம் உள்ளுறைப் பயிற்சி இருக்கிறது. வார்டு நன்றாக இருந்தால் அந்த ஒன்றிலேயே பிள்ளை தேறிவிடும். ஆஸ்பத்திரி காலி என்றால் தயங்காமல் அரசு டிப்ளமாவுக்குப் போகலாம், பட்டத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

எதில் சேர்ந்தாலும் பரீட்சை எழுத 80 சதவீத வருகை வேண்டும். பி.எஸ்சி.யில் செய்முறைப் பயிற்சியை 100 சதவீதம் முடித்தால்தான் பட்டம். விட்ட டூட்டியை ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் பத்துப் பத்து நாளாக ஊரில் தங்கினால் சான்றிதழ் தள்ளிப்போகும்.

பணம் பேசும்போது முதல் வருடத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பஸ், ஹாஸ்டல், சீருடை, பல்கலைக்கழகப் பதிவு, தேர்வு, வெளி ஆஸ்பத்திரிப் பயிற்சிக் கட்டணம் எல்லாம் சேர்த்து நான்கு வருடக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். சம்பா அறுவடைப் பணம் தை, மாசியில்தான் வரும் என்றால் தவணையை அதற்கேற்பப் பேசலாம். தனியாரில் பலர் ஒத்துக்கொள்வார்கள். கல்விக் கடனில் பொதுவாக 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பட்டமோ டிப்ளமாவோ, இரண்டுக்கும் உண்டு.

காரைக்கால் பக்கத்தில்தானே என்று நினைப்பவர்களுக்கு: அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், அரசு ஒதுக்கீடு அங்குள்ள சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக, நம் கவுன்சிலிங்கில் வராது. பெங்களூருக்கு அழைத்துப்போகும் புரோக்கர் "ஒரிஜினல் சான்றிதழைக் கொடுங்கள், சீட் ரெடி" என்றால் கொடுக்காதீர்கள். கல்லூரியின் பெயர், அது எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் இந்த வருடம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தவர் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவை மாற்ற வரும்போதுதான் சிக்கல் தெரியும், அப்போது நான்கு வருடமும் கடனும் போயிருக்கும்.