பெரிய அட்டாக்கா, சின்ன அட்டாக்கா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் நெஞ்சுவலி என்றால் வண்டி திருவனந்தபுரத்துக்குக் கிளம்பிவிடும், திரும்பி வந்ததும் "சின்ன அட்டாக்தான் அண்ணாச்சி" என்று ஆறுதல் சொல்வார்கள். அதை நம்பி அசந்துவிடாதீர்கள். ரத்தக்குழாய் முழுசாக அடைத்து, ஈசிஜியில் எஸ்டி கோடு ஏறி நிற்கும் ஸ்டெமி என்ற பெரிய அட்டாக்கில் முதல் 30 நாள்தான் பெரிய கண்டம். நேரத்தோடு அடைப்பை எடுத்து அதைத் தாண்டியவர்களில் பலர் நன்றாகவே தேறுகிறார்கள். கோடு ஏறாத என்ஸ்டெமியில், அதாவது சின்ன அட்டாக் என்று சொல்வதில், ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஆபத்து குறைவு, ஆனால் அது பெரும்பாலும் வயதானவர்களுக்கு, சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் பல குழாய்களில் அடைப்பும் உள்ளவர்களுக்கு வருவதால், ஓரிரு வருஷம் கழித்துப் பார்த்தால் இறப்பு ஸ்டெமிக்குச் சமமாகவோ கூடுதலாகவோகூட இருக்கிறது. வயது, பிரஷர், நாடித்துடிப்பு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எல்லாம் சேர்த்து 6 மாத ஆபத்தைக் கணிக்க கிரேஸ் ஸ்கோர் இருக்கிறது, சரி. ஆனால் எந்த வகையானாலும் எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் கூடுதல் கவனம் வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் இந்தப் பம்பிங் அளவை இ.எஃப். என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள், இல்லாவிட்டால் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.