மே கடைசியில் புக்கெட் பேக்கேஜ் வாங்கப் போகிறவர்களுக்கு

பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போய்விட வேண்டும் என்ற அவசரம்தான் எங்களை மாட்டிவிட்டது. தாய்லாந்தின் புக்கெட்டுக்கு ஐந்து நாள், நாலு பேர், மே 24 கிளம்புவது. "இப்ப அங்க மழைக்காலமாச்சே?" என்று டிராவல்ஸ்காரரிடம் கேட்டேன். "சாயங்காலம் அரை மணி நேரம் தூறும் சார், அவ்வளவுதான். கூட்டம் இல்லாததால ரூம் பாதி விலை" என்றார். ரூம் பாதி விலை என்றது மட்டும் உண்மை.

எங்களை இழுத்ததே சிமிலன் தீவுகளுக்கு ஒரு நாள் ஸ்பீட்போட் பயணம். அதற்கு மட்டும் தனியாக 26,000 ரூபாய் வாங்கினார். முந்தைய நாள் ஹோட்டல் வரவேற்பறையில் வவுச்சரை நீட்டினேன். அங்கிருந்த பெண் அதை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அப்புறம் மேசைக் காலண்டரை எங்கள் பக்கம் நகர்த்தி, தாள்களைப் புரட்டி, அக்டோபரில் விரலை வைத்தார். சிமிலன் ஒரு தேசியப் பூங்கா. மே நடுவில் மூடினால் அக்டோபர் நடுவில்தான் திறப்பார்கள். திடீர் புயலுக்கு மூடியதில்லை, வருடா வருடம் இதே கணக்குதான். இதையே தொழிலாக வைத்திருப்பவருக்குத் தெரியாமலா இருக்கும்?

போன் போட்டால், "வானிலைக்கு நாங்க பொறுப்பில்ல சார், கண்டிஷன்ல இருக்கு" என்கிறார். பூங்கா மூடியிருப்பது எப்படி வானிலையாகும்? சரி, பதிலுக்கு பீ பீ தீவு என்றார். அலை அதிகமென்று அந்தப் படகும் கிளம்பவில்லை. கட்டா கடற்கரையில் சிவப்புக் கொடி. பையன் ஊரிலிருந்து கொண்டுவந்த மிதவை வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்திருந்தான். காவலர் விசில் ஊதும்போதெல்லாம் ஒரு சாண் பின்னால் நகர்வான்.

போன பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. புக்கெட்டின் பேர்பெற்ற கடற்கரைகள் எல்லாம் மேற்கே, அந்தமான் கடலைப் பார்த்து இருக்கின்றன. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அங்கேதான் வந்து மோதும். செப்டம்பர், அக்டோபரில் மழை இன்னும் மோசம். நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான் கடல் அடங்கியிருக்கும், ஆனால் டிசம்பர் கடைசியில் வாடகை எகிறும். கோடை விடுமுறையை விட்டால் வழியில்லை என்பவர்களுக்கு எதிர்ப்பக்கம், தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சமுய் தேவலை. அங்கே பெருமழை நம்ம சென்னை மாதிரி அக்டோபர், நவம்பரில்தான். புக்கெட்டுக்கே போய்விட்டாலும், கிழக்கே பாங் ஙா வளைகுடா ஓரளவு மறைவானது. நாலாம் நாள் கைக்காசைப் போட்டு அங்கே போனோம். சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவில் படகு ஆடாமல் போனது. மொத்தப் பயணத்தில் அந்த ஒரு நாள்தான் உருப்படி.

பணம் கட்டுவதற்கு முன்னால், போகும் தேதியில் அந்த இடம் திறந்திருக்குமா என்று கேளுங்கள். மூடியிருந்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

26,000-ல் எனக்கு இதுவரை ஒரு பைசா வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். நேற்று அந்த ஆளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். ஜூலை ஸ்பெஷலாம், சிமிலன் தீவுகளாம்.