வளாகத்துக்கு வெளியே இ-ஜர்னல்: இன்ஃபெட் நுழைவு எப்படி இருக்கிறது?

தொண்டி, மண்டபம், ராமேஸ்வரம் என்று கடலோரத்தில் தங்கி ஆய்வு செய்பவர்கள், களப்பணி முடிந்து அறைக்கு வந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துக் கட்டுரையைத் திறந்தால், 'விலை கொடுத்து வாங்கு' என்று வந்து நிற்கும். வளாகத்தில் அதே கட்டுரை தடையில்லாமல் திறந்திருக்கும். வளாகத்தில் பதிப்பகம் பார்ப்பது உங்கள் பெயரை அல்ல, பல்கலைக்கழகத்தின் ஐபி முகவரியை. ஹாட்ஸ்பாட்டில் போகும்போது தெரிவது செல்போன் நிறுவனத்தின் முகவரி.

இந்த இடைவெளியை அடைக்கத்தான், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் 'இன்ஃபெட்' என்ற லாகின் கூட்டமைப்பை நடத்துகிறது. ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியபின் இதன் தேவை கூடிவிட்டது. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். வளாகத்துக்கு வெளியே இவற்றைத் திறக்க இன்ஃபெட் கணக்கு வேண்டும். அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான் இப்போது திட்டம். தனியார் சுயநிதிக் கல்லூரி மாணவர்கள் தங்கள் நூலகம் தனியாக என்ன சந்தா கட்டியிருக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

வசதியாக நல்லதுதான். எந்த நெட்வொர்க்கிலிருந்தும் வேலை செய்யும், தனி மென்பொருள் தேவையில்லை, பாஸ்வேர்டு பதிப்பகத்தின் கைக்குப் போவதில்லை. பதிப்பகத் தளம் உங்களை நிறுவனத்தின் லாகின் பக்கத்துக்கு அனுப்பும்; அங்கே சரிபார்த்தபின் 'இவர் எங்கள் ஆள்' என்ற ஒப்புதல் மட்டும் திரும்பப் போகும். கணக்கை நூலகர்தான் உருவாக்கித் தருவார். ஜிமெயிலை வைத்து நாமாகத் திறந்துகொள்ள முடியாது.

சறுக்குவது பெரும்பாலும் வாசலில். கூகுள் ஸ்காலரிலிருந்து நேராகக் கட்டுரைக்குப் போனால் தளத்துக்கு உங்களைத் தெரியாது. 'ஆக்சஸ் த்ரூ யுவர் இன்ஸ்டிடியூஷன்' என்ற பொத்தானை அழுத்தி, நிறுவனத்தின் பெயரை ஆங்கிலத்தில் தட்டித் தேட வேண்டும். சில தளங்கள் முதலில் கூட்டமைப்பைக் கேட்கும். அங்கே இன்ஃபெட்டைத் தேர்ந்தால்தான் நிறுவனப் பட்டியலே வரும். பட்டியலில் ஒரே மாதிரிப் பெயர்கள் அடுத்தடுத்து இருக்கும். தவறானதைத் தொட்டுவிட்டால் பிரவுசர் அதையே நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறையும் நேராக அங்கேயே கொண்டுபோகும். அந்தத் தளத்தின் குக்கியை அழித்தால் சரியாகும்.

'ஸ்டேல் ரிக்வெஸ்ட்' என்று வந்தால் பாஸ்வேர்டை மாற்றப் போக வேண்டாம். லாகின் பக்கத்தையே புக்மார்க் செய்து வைத்திருப்பீர்கள், அல்லது பேக் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அந்தப் பக்கத்தின் முகவரி ஒரு தடவைக்கு மட்டுமே செல்லும். டேபை மூடிவிட்டு கட்டுரைப் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினால் போதும். புக்மார்க் செய்ய வேண்டியது நூலகத் தளத்தின் இ-ரிசோர்ஸ் பக்கத்தை.

லாகின் சரியாக நடந்தும் கட்டுரை பூட்டியே இருந்தால் இரண்டில் ஒன்று: அந்த இதழ் சந்தாவில் இல்லை, அல்லது அந்த ஆண்டு இல்லை. பழைய தொகுதிகளைத் தனியாக விற்கும் பதிப்பகங்கள் உண்டு. அதே இதழின் வேறொரு ஆண்டைத் திறந்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

சில நூலகங்கள் இன்ஃபெட்டோடு ப்ராக்ஸியும் வைத்திருக்கின்றன; அது பதிப்பகத் தளத்தை நூலகத்தின் முகவரி வழியாகத் திறந்து தரும் இடைவழி. ஈஸிப்ராக்ஸி என்றால், முகவரியில் பதிப்பகத்தின் பெயருக்குப் பின்னால் நூலகத்தின் பெயர் ஒட்டியிருக்கும். புதிய தளத்துக்குப் போகும்போது 'நிர்வாகி இந்த ஹோஸ்ட்நேமை அனுமதிக்க வேண்டும்' என்று வந்தால் கோளாறு உங்கள் பக்கம் இல்லை. நூலகர் ஒரு வரி சேர்த்தால் தீரும். இரண்டு மணி நேரம் ஒன்றும் தொடாமல் விட்டால் வெளியே தள்ளிவிடுவது அதன் வழக்கமான அமைப்பு. இந்த முகவரியை வெட்டி ஆய்வு வழிகாட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அவரிடம் திறக்காமல் போகலாம். கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணை அனுப்புங்கள்.

இந்தக் கரைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் அணைத்திருந்தால் டேட்டா நின்றுபோகும். ஆனில் இருந்தால் பில் எகிறும். செட்டிங்கில் நெட்வொர்க்கைத் தானாகத் தேடுவதை அணைத்து, நம் நிறுவனத்தைக் கையால் தேர்ந்து வைத்துவிடுவது நல்லது.

வளாகத்துக்குள்ளேயே திறக்கவில்லை என்றால் பார்க்க வேண்டியது வேறு. விபிஎன், ஐபோனின் பிரைவேட் ரிலே, டேட்டா சேமிக்கும் பிரவுசர் மூன்றும் ஐபி முகவரியை மறைத்துவிடும். வைஃபை தளர்ந்தால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவும். டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். பேட்டரி தீர்ந்த பழைய லேப்டாப்பில் தேதி பின்னால் போயிருந்தால் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது, லாகின் பக்கம் உட்பட.

போனில் இந்த வசதி சுமார்தான். வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொட்டால் சில போன்களில் அது செயலிக்குள்ளேயே திறக்கும், அங்கே நடந்த லாகின் குரோமுக்கு வராது. லேப்டாப்பே மேல்.

ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் பிடிஎஃப் இறக்கும் கருவிகளை மட்டும் தொடாதீர்கள். பதிப்பகம் அதைக் கண்டுபிடித்தால் முழு நிறுவனத்தின் அணுகலையும் நிறுத்திவைக்கும். ஒருவர் செய்த வேலைக்குத் துறையே கட்டுரை இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

நூலகருக்கு மெயில் போடும்போது 'ஓப்பன் ஆகல சார்' என்று மட்டும் எழுதினால் பதில் 'குக்கி க்ளியர் பண்ணுங்க' என்றுதான் வரும். கட்டுரையின் டிஓஐ, திரையில் வந்த சொற்கள் அப்படியே, முழு முகவரி தெரியும் ஸ்கிரீன்ஷாட், நேரம், எந்த நெட்வொர்க் என்பவற்றைச் சேருங்கள். லாக் பதிவில் நேரத்தை வைத்துத்தான் தேடுவார்கள். பாஸ்வேர்டை யாருக்கும் எழுத வேண்டாம்.

பதில் வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. மன்னார் வளைகுடா, பாக் நீரிணை பற்றிய மீன்வளக் கட்டுரைகள் பலவற்றை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஈபிரிண்ட்ஸ் களஞ்சியம் லாகின் இல்லாமலே தருகிறது. 1947ல் தொடங்கிய அந்த நிறுவனம் ஆரம்பக் காலத்தில் பல ஆண்டுகள் மண்டபம் கேம்பிலிருந்து இயங்கியது என்பதால், இந்தக் கரையின் பழைய ஆய்வுகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கிறது, அதற்கும் சந்தா இல்லை.