ஐபி54 போனும் கொடைக்கானல் மேகமும்

கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறேன். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் சவாரி. போன் அடித்தால்தான் அன்றைக்குப் பிழைப்பு. போன வருஷம் மதுரையில் பதினாறாயிரம் கொடுத்து ஒன்று வாங்கினேன். கம்பெனி பேரை விட்டுவிடுகிறேன்.

பெட்டியில் ஐபி54 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முதல் எண் தூசிக்கு, அடுத்தது தண்ணீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். "உங்க ஊருக்கு இதுதாண்ணே" என்று கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார்.

வாரன்டி முடியுமுன்பே, மன்னவனூரில் சவாரி காத்திருந்தபோது ஸ்கிரீன் கறுத்துவிட்டது. சார்ஜ் போட்டால் சூடாகிறதே தவிர உயிர் வரவில்லை.

வீட்டுக்காரி போனிலிருந்து கஸ்டமர் கேருக்கு அடித்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொல்லிவிட்டு இந்திக்காரரிடம் இணைத்தார்கள். இன்னொரு தடவை அடித்த பிறகுதான் தமிழ்ப் பொண்ணு கிடைத்தது. பின்கோடு கேட்டுவிட்டு, "பக்கத்துலயே பெரியகுளத்துல கலெக்‌ஷன் பாயின்ட் இருக்கு சார்" என்றது. மேப்பில் பார்த்தால் பக்கம்தான். பெரியகுளத்துக்குக் குறுக்கே இறங்கும் அடுக்கம் ரோடு மழையில் சரிந்து அடைத்துக் கிடந்தால் வத்தலக்குண்டு இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும் என்று அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து எடுத்துப் போகும் வசதி எங்கள் பின்கோடுக்குக் கிடையாதாம். ஒரு நாள் சவாரியை விட்டு, பஸ் ஏறி திண்டுக்கல் சர்வீஸ் சென்டருக்கே போனேன்.

டோக்கன், ஏசி, தண்ணீர் கேன் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கவுண்டர் பையன் சிம் டிரேயை வெளியே இழுத்து, உள்ளே டார்ச் அடித்துக் காட்டினான். பொட்டு அளவுக்கு ஒரு ஸ்டிக்கர். தண்ணீர் படாதவரை வெள்ளையாக இருக்குமாம். என்னுடையது ஓரத்தில் சிவந்திருந்தது. "வாட்டர் போயிருக்குண்ணே, வாரன்டி கிடையாது. போர்டு மாத்தணும், ஒன்பதாயிரத்து எண்ணூறு ஆகும்."

"பெட்டியில ஐபி54ன்னு போட்டிருக்கே தம்பி?"

"அது ரேட்டிங்ணே. வாரன்டி வேற."

வாரன்டி அட்டையைப் பிரித்துப் பார்த்தால், திரவத்தால் வரும் சேதம் சேராது என்று எறும்பு எழுத்தில் இருக்கிறது. முன்பக்கம் தண்ணீர் தாங்கும் என்று சொல்லி விற்பது, பின்பக்கம் தண்ணீர் பட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்பது. இதற்கு ஐபி என்று எழுதாமலே இருந்திருக்கலாம். என் போன் தண்ணீரில் விழவே இல்லை. ஏழாயிரம் அடி உயரத்தில் குளிர்ந்து கிடந்த போன் வத்தலக்குண்டு வெக்கைக்கு இறங்கியதும் வியர்க்கும், கேமரா கண்ணாடிக்குள்ளேயே ஆவி படியும். மலையில் வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வெறும் வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன், எழுதிக் கொடு என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் முனகிவிட்டு ஜாப் ஷீட்டில், அதாவது ரிப்பேர் விவரச் சீட்டில், 'கஸ்டமர் இன்ட்யூஸ்டு டேமேஜ்' (வாங்கியவரால் வந்த சேதம்) என்று அடித்துக் கொடுத்தான். அந்தக் காகிதத்தை வாங்காமல் யாரும் வெளியே வராதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துத் தமிழிலேயே புகார் பதிந்தபோது முதலில் கேட்டது அதைத்தான். புகார் போன பிறகு கம்பெனியிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டு, போர்டு விலையில் பாதி தள்ளுபடி என்றார்கள். தப்பு என் பேரில் என்றால் தள்ளுபடி எதற்கு? வேண்டாம் என்றேன்.

பிழைப்பு நிற்குமா? எங்கள் ஊர் மூஞ்சிக்கல்லில் வேறு போன் வாங்கினேன். பழைய சிம்மில் பச்சை பிடித்திருந்ததால் அதே நம்பருக்குப் புது சிம் போட்டார்கள். போட்டு முடித்த பிறகு, "24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராதுண்ணே" என்றது கடைப் பொண்ணு. நம்பரைத் திருடிப் பணம் எடுப்பதைத் தடுக்க அந்த விதி. விதி சரிதான், முன்னாடியே சொல்லியிருக்கலாம். எஸ்எம்எஸ் இல்லாமல் யுபிஐ பதிய முடியாது, ஓடிபியும் வராது. மறுநாள் வரைக்கும் டீசலுக்குக்கூட மச்சானிடம் கைமாற்று.

சர்வீஸ் சென்டருக்கு ஒரு ஸ்டார், அதுவும் ஜாப் ஷீட்டுக்காக. 2019 நுகர்வோர் சட்டப்படி மதுரையில் வாங்கியதற்கும் நான் குடியிருக்கும் திண்டுக்கல் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது. மனு எழுதி வைத்திருக்கிறேன். மே மாச சீசன் முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.