வேற்றுக் கிரக போர்டு ஆர்டர் கொடுக்கப் போறீங்களா? என் எட்டு மாதச் சேமிப்பு போன கதையைப் படிச்சுட்டுக் கொடுங்க

பெட்டியைப் பிரிச்சு மூணு நாள்தான் ஆகுது. கோபம் அடங்கலை, அதனால எழுத்து தாறுமாறா இருக்கும்.

மினியேச்சர் விளையாட்டுக்கு, அதாவது குட்டிப் போர் வீரர் பொம்மைகளை மேசையில் நகர்த்தி ஆடற விளையாட்டுக்கு, ஆறுக்கு நாலடியில் வேற்றுக் கிரக நிலம் மாதிரி ஒரு போர்டு கேட்டேன். இரண்டடிச் சதுரமா ஆறு டைல் (தனித்தனித் துண்டு), எப்படி மாத்தி வெச்சாலும் ஓரம் சேரணும். ஊதாப் பாறைகள், நடுவில் ரெசின் (ஊத்தினா கண்ணாடி மாதிரி இறுகற பிளாஸ்டிக் திரவம்) ஊத்தின பச்சை அமிலக் குளம். கைவேலைப் பொருள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில்தான் இதைச் செஞ்சு தர்ற ஆளைப் பிடிச்சேன்.

ஏமாந்த இடம் இதுதான். மாதிரிக்குன்னு உள்ளங்கை அளவில் ஒரு பாறை அனுப்பினார். எக்ஸ்.பி.எஸ்.னு சொல்ற, மணி உதிராத கெட்டி ஃபோமில் செதுக்கினது. கறுப்பு அடிப்பூச்சு, மேலே ஊதா, விளிம்பில் மட்டும் வெளிர் இளஞ்சிவப்பில் டிரை பிரஷ். பிரஷ்ஷில் இருக்கிற பெயிண்டைக் கிட்டத்தட்ட முழுசா துடைச்சுட்டுத் தேய்ச்சாத்தான் அப்படி வரும், அவசரக்காரன் கைக்கு வராது. அதில் விழுந்தேன். "தளத்துக்கு வெளியே அனுப்பினா கமிஷன் மிச்சம் ப்ரோ, அதில் இன்னும் ரெண்டு பாறை சேர்த்துத் தரேன்"னார். எட்டு மாதச் சேமிப்பு, ஒரே தடவையில் அனுப்பிட்டேன்.

வந்தது தெர்மாகோல். பாக்கிங்கில் வருமே, மணி மணியா உதிரும், அதேதான். அது மேல நேரா ஸ்பிரே பெயிண்ட்! ஸ்பிரேயில் இருக்கிற கரைப்பான், தெர்மாகோல் செய்யற பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்னுடும். அதுக்குத்தான் முதலில் பி.வி.ஏ. பசையும் (மரவேலைக்கான வெள்ளைப் பசை) அக்ரிலிக் பெயிண்டும் கலந்து பூசி மூடறது. அதுகூடச் செய்யலை. பாறை முழுக்க அம்மைத் தழும்பு. அடியில் இருக்கிற எம்.டி.எஃப். பலகையில் (மரநாரை அழுத்திச் செஞ்சது) ஒரு பக்கம் மட்டும் ஈரப் பெயிண்ட் ஏத்தினதில் வளைஞ்சு, டைல் தொட்டில் மாதிரி ஆடுது. குளம் இன்னும் பிசுபிசுன்னு இருக்கு, ரெசினை இறுக வைக்கக் கலக்கிற ஹார்டனர் அளவு தப்பியிருக்கணும். என் தளபதி பொம்மையை அதில் நிறுத்தினேன். எடுத்தப்போ ஆள் வந்தார், காலுக்கு அடியில் ஒட்டியிருந்த வட்டு, அதான் பேஸ், வரலை.

கேட்டதுக்கு முதல் பதில்: "வேற்றுக் கிரகம்தானே, குழி குழியா இருந்தாத்தான் அழகு." ஒரு நிமிஷம் நானே யோசிச்சேன், நல்லாத்தான் இருக்கோன்னு! அடுத்தது, குளத்தை வெயிலில் வைங்கன்னார். கலவை தப்பின ரெசின் வெயிலில் எத்தனை நாள் கிடந்தாலும் சரியா இறுகாது. அப்புறம் கூரியர்காரன் தப்பாம். கூரியர்காரனா தெர்மாகோலுக்கு ஸ்பிரே அடிச்சான்? பணம் கைக்குப் போகும் வரை நான் ப்ரோ. நேத்து "சார், ஒரு கலைஞனை இப்படிப் புண்படுத்தக் கூடாது". இன்னிக்குக் காலையில் பிளாக்.

தளத்தில் புகார் கொடுத்தா, பணம் எங்க வழியா வரலை, ஆர்டரே பதிவாகலைன்னு ஒரே பதில் மூணு தடவை வந்துச்சு. எட்டு மாதச் சேமிப்பு போயிருக்கு, அவங்க கணக்கில் வியாபாரமே நடக்கலை.

என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியலை. வெளியே பணம் அனுப்பாதீங்க. மாதிரிப் பாறையை நம்பாதீங்க, ஒரு டைல் முழுசா கேளுங்க. பெயிண்ட் அடிக்கும் முன்னாடி ஃபோமின் வெட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இன்னும் ரெண்டு இருந்துச்சு, கோபத்தில் மறந்துட்டேன்.

குளத்தில் மாட்டின பேஸை எடுக்க வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஃப்ரீசரில் வைன்னு மட்டும் சொல்லாதீங்க, இரண்டடி டைல் உள்ளே போகாது.