622 ஓசைகளில் ஆறு: நான்கு வருடக் கீபோர்ட் பாவனை

கொழும்பு, காலி வீதியில் ஒரு இசைக்கருவிக் கடை. நாங்கள் உள்ளே போனதும் விற்பனையாளர் தம்பி ஓடிவந்து அழுத்தியது டெமோ பொத்தானை. ட்ரம்ஸ், பேஸ், ட்ரம்பெட் எல்லாம் சேர்ந்து கடையே கல்யாண வீடு மாதிரி அதிர்ந்தது. "பாருங்கோ அண்ணை, என்ன சவுண்ட்!" என்றார். மகளின் கண் விரிந்துவிட்டது. நான் ரிதத்தை நிறுத்தச் சொல்லி, பியானோ ஓசையை மட்டும் வைத்து, ஒரே கட்டையை மெதுவாக ஒரு தரமும் ஓங்கி ஒரு தரமும் அழுத்திப் பார்த்தேன். அந்தத் தம்பிக்கு என் மேல் கொஞ்சம் சலிப்பு. எனக்கு அப்படிப் பார்க்கக் கற்றுத் தந்தது அதற்கு முன் வீட்டில் இருந்த பழைய கீபோர்ட்.

அது 2019இல் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டிலிருந்து வாங்கியது. என்ன பிராண்ட் என்பது இங்கே வேண்டாம், அதன் மேல் குற்றமும் இல்லை. பத்து வருடமாவது பழையது, எங்கள் ஃபிளாட்டோ வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம். உப்புக் காற்றுக்கு எங்கள் வீட்டுப் பூட்டே ஆறு மாதம் தாக்குப்பிடிப்பதில்லை. வாங்கி ஒரு வருடத்துக்குள் நடுவில் இருக்கும் ஒரு கட்டை மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி ஆனது. மகள் ச, ரி, க, ம என்று மெல்ல வாசித்துக்கொண்டு வருவாள், ப வந்ததும் அது மட்டும் அலறும். எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் அதே அலறல். "அப்பா, ப கோவிக்குது" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றினேன். இருபதுக்கும் மேற்பட்ட திருகாணிகள். உள்ளே ஒரு இரண்டு ரூபாய்க் குற்றி, பென்சில் சீவல், செத்த எறும்புகள். கட்டைகளுக்குக் கீழே நீளமான ரப்பர்ப் பட்டி, அதில் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு சின்னக் கரிப் பொட்டுகள். விஷயமே அந்தப் பொட்டுகளில்தான் இருக்கிறது. கட்டையை அழுத்தும்போது ஒரு பொட்டு முதலில் தொடும், மற்றது ஒரு கணம் கழித்துத் தொடும். அந்த இடைவெளி நீளமென்றால் மெதுவாக அழுத்தியதாகவும், குறைவென்றால் ஓங்கி அழுத்தியதாகவும் கருவி கணக்குப் போடுகிறது. முதல் பொட்டில் அழுக்குப் படிந்து அது பிந்தித் தொட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் தொட்ட மாதிரி ஆகிவிடும், அப்போது சத்தம் உச்சத்துக்குப் போகும். தொடவே தொடாவிட்டால் கட்டை ஊமை. பார்மசியில் வாங்கிய ஐசோபுரொப்பைல் அல்கஹோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பொட்டையும் கீழே உள்ள சர்க்கிட் பலகையையும் துடைத்துக் காயவைத்துப் பூட்டினேன். ப சாந்தமானது. ஆனால் அரை வருடத்தில் மேல் ஸ்தாயி ரி அலறத் தொடங்கியது. போதும் என்று புதிதாக வாங்க முடிவு செய்தோம்.

பழைய சாமான் வாங்கவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. வாங்கினால் 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, இரண்டு விதமாகவும் அழுத்திப் பாருங்கள். விற்கிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஐந்து நிமிட வேலை.

2022 ஜனவரியில் மூன்று மொடல்களுக்குள் ஊசலாடினோம். கசியோ சிடி-எஸ்300 கிட்டத்தட்ட மூன்றேகால் கிலோதான், தூக்கிக்கொண்டு போக ஒரு பிடியும் உண்டு, ஓசையை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரமும் உண்டு. யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 இந்திய இசைக்காகவே செய்தது, தபேலாவும் தம்புராவும் கூடவே ஒலிக்கும் ரியாஸ் வசதி இருக்கிறது. ஆனால் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் அது கண்ணில் படவில்லை. கடைசியில் யமஹா பிஎஸ்ஆர்-ஈ373. நாலரைக் கிலோவுக்குச் சற்று மேல், 622 ஓசைகள், 205 ஸ்டைல்கள், அதாவது கூடவே தானாக ஒலிக்கும் தாளப் பின்னணிகள். தீர்மானித்தது இந்த எண்கள் அல்ல. என்னுடைய ஹெட்ஃபோனைக் கொண்டுபோயிருந்தேன். காலி வீதி பஸ் ஹோர்ன் நடுவே ஸ்பீக்கரில் கேட்டு ஒன்றும் பிடிபடாது. ஹெட்ஃபோனில் கேட்டபோது இதன் பியானோ ஓசை என் காதுக்குப் பிடித்தது. கட்டைகளின் எதிர்ப்பும் பிள்ளையின் விரலுக்கு ஒத்துவந்தது. அவ்வளவுதான் காரணம். இன்னொருவருக்குக் கசியோ பிடிக்கலாம், அதில் தப்பில்லை.

கடையில் நான் செய்து பார்த்ததும் இப்போது எல்லோருக்கும் சொல்வதும் ஒன்று உண்டு. வொல்யூமைப் பூச்சியத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். கட்டைகள் டொக் டொக் என்று அடிக்கும் சத்தம் கேட்கும். ஹெட்ஃபோன் போட்டால் ஊருக்குத் தொந்தரவில்லை என்று நினைப்போம். தொடர்மாடியில் கீழ் வீட்டுக்காரருக்குப் பாட்டுக் கேட்காது, இந்த டொக் டொக் மட்டும் கூரையில் யாரோ இஞ்சி இடிக்கிற மாதிரிக் கேட்கும். எங்களுக்கு அந்த முறைப்பாடு வந்தது. ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே மடித்த யோகா விரிப்பைப் போட்ட பிறகு வரவில்லை.

வாங்கிய நேரம் எங்கள் அதிர்ஷ்டம். அப்போது ஒரு டொலர் 200 ரூபாய்ச் சொச்சம். மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள், மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடும் வந்தது. நாங்கள் கொடுத்த விலையை விடக் கூடக் கொடுத்து வாங்க ஆள் இருந்தது. மனைவி சிரித்துக்கொண்டே, "வித்துப்போட்டுக் காஸ் சிலிண்டர் வாங்குவமோ?" என்று கேட்டாள். காஸும் கிடைக்காத காலம் அது.

அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனதே, நினைவிருக்கிறதா? வாங்கும்போது நான் கண்டுகொள்ளாத ஒரு வசதி அப்போதுதான் பெரிதாகத் தெரிந்தது. இது ஆறு டபுள் ஏ பற்றரியிலும் வேலை செய்யும். முதலில் சாதாரண அல்கலைன் போட்டோம், விலை கட்டவில்லை. சார்ஜ் செய்யும் பற்றரி இரண்டு செட் வாங்கி, கரண்ட் இருக்கும்போது ஒன்றை ஏற்றி மற்றதைப் பாவித்தோம். அப்படிப் போடும்போது ஃபங்ஷன் பட்டியலில் பற்றரி வகையையும் மாற்ற வேண்டும். புத்தகத்தில் அது இருக்கிறது, நான் இரண்டு வாரம் கழித்துத்தான் படித்தேன். ஃபேனும் இல்லை, டிவியும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. இருட்டில் மகள் வாசிக்க, மேல் வீட்டு அக்கா பிள்ளைகளோடு படியில் வந்து உட்கார்ந்துவிடுவார். பழைய பாட்டுகளை நான் காதால் கேட்டுத் தட்டுத்தடுமாறி வாசிப்பேன், பிழை விட்டால் படியிலிருந்து திருத்தம் வரும். இந்தக் கருவியை நான் மிக அதிகமாக வாசித்தது அந்த மூன்று மாதங்களில்தான்.

பிறகு பெற்றோல் தட்டுப்பாடு, பாடசாலையும் இல்லை, சங்கீத வகுப்பும் ஸூமில். லப்டொப் மைக்கில் கீபோர்டைக் கேட்க முடியாது. நீண்டு ஒலிக்கும் சுருதியை ஸூம் ஃபேன் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். இதன் பின்னால் ஒரு யூஎஸ்பி துளை இருக்கிறது, பிரிண்டருக்குப் போடும் அதே கேபிள். அதைப் போட்டால் ஒலி நேரே லப்டொப்புக்குப் போகிறது. ஸூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதையும் இயக்கினால் ரீச்சருக்கு வடிவாகக் கேட்டது.

ரீச்சருக்குக் கீபோர்ட் என்றாலே ஆகாது. "இதில பழகினா கமகம் வராது" என்பார். உண்மைதான். கமகம் என்றால் சுரத்தை அசைப்பது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். கட்டையோ அசையாது. ஈ373இல் பிட்ச் பெண்ட் சக்கரமும் கிடையாது, அது வேண்டுமென்றால் அடுத்த படியான ஈ473க்குப் போக வேண்டும். ஆனால் சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடம் பழகும் பிள்ளைக்கு இது நல்ல துணை. மகளின் சுருதி ஐந்தரைக் கட்டை, அதாவது ஜி ஷார்ப். சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸை மைனஸ் 4இல் வைத்தால் சி கட்டையை அழுத்த ஜி ஷார்ப் ஒலிக்கும். பிறகு ஆரம்பப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளைக்கு விரல் போகும் வழி எப்போதும் ஒன்றே: சி, சி ஷார்ப், ஈ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி. வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மகள் அதைப் படம் மாதிரி மனப்பாடம் செய்தாள். தொண்டை கட்டிய நாளில் சுருதியை ஒரு படி இறக்கினாலும் விரல் மாறாது.

தம்புராப் பெட்டிக்குப் பதிலாகவும் பாவித்தோம். பியானோ ஓசை தேய்ந்துவிடும், ரீட் ஓர்கன் ஓசை அழுத்தியிருக்கும் வரை தேயாது. ச, ப இரண்டு கட்டைகளின் மேலும் ஒவ்வொரு அழிறப்பரைச் செருகிவிட்டால் போதும். அலங்காரப் பாடங்கள் முடியும் வரை இப்படிப் போனது. வர்ணம் தொடங்கியதும் ரீச்சர், "இனி மூடி வை" என்றார், மூடி வைத்தோம். அவர் சொன்ன நேரம் சரியாகத்தான் இருந்தது.

தொல்லைகளும் உண்டு. அரை மணி நேரம் எதையும் தொடாமல் விட்டால் தானாக அணைந்துவிடும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் ஓசை, சுருதி எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இடது ஓரத்துக் கடைசிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டால் இந்தப் பழக்கம் நின்றுவிடும். வலது ஓரத்துக் கடைசி வெள்ளைக் கட்டையை அப்படிப் பிடித்தால் சேமித்தவை எல்லாம் அழிந்து புதுக் கருவி மாதிரி ஆகிவிடும். இரண்டையும் மாற்றிச் செய்தவன் நான், மகள் பதிவு செய்திருந்த பாட்டு போனது. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஓசையை நீட்டும் சஸ்டெயின் பெடலைத் தனியாக வாங்கினோம். அதை மிதித்தபடி ஸ்விட்சைப் போட்டால் தலைகீழாக வேலை செய்யும், காலை எடுத்தால் ஓசை நீளும். பழுது என்று கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், அணைத்துவிட்டுக் காலை எடுத்துப் போட்டால் சரி.

ஸ்பீக்கர் இரண்டும் தலா இரண்டரை வாட்ஸ். ஹோலுக்குப் போதும், பாடசாலை மேடைக்குப் போதாது. எக்ஸ் வடிவ ஸ்டாண்டின் திருகாணிகள் இரண்டாம் வருடமே துருப்பிடித்தன, அவற்றை மாற்ற ஒரு பிற்பகல் புறக்கோட்டையில் போனது. கூடவே வந்த பிளாஸ்டிக் உறை உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்தது. இப்போது அம்மாவின் பழைய பருத்திச் சேலையை மடித்துப் போடுகிறோம். அலறும் கட்டை இதுவரை ஒன்றும் இல்லை, அதற்குச் சேலை காரணமா தெரியாது.

622 ஓசைகளில் நாங்கள் உண்மையில் பாவிப்பது ஆறு: பியானோ, ரீட் ஓர்கன், புல்லாங்குழல், வயலின், ஒரு எலெக்ட்ரிக் பியானோ, அப்புறம் சின்னவனுக்காக ட்ரம் கிட். ஸ்டைல்களைத் தொட்டு ஒரு வருடமாகிறது. அதைவிட முக்கியமாகப் பட்டது கருவி இருக்கும் இடம். முதல் மூன்று வாரம் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் வைத்திருந்தோம், எடுத்து விரிக்கும் அலுப்பிலேயே யாரும் வாசிக்கவில்லை. ஹோலில், ஃபிரிஜ்ஜுக்கும் கதவுக்கும் நடுவே ஸ்டாண்டில் வைத்த பிறகு, பாடசாலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே ஒரு வரி வாசித்துவிட்டுத்தான் போவாள்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, மேற்கத்தேய பியானோவும் பழகுகிறாள். கீபோர்டுக்கென்றே லண்டன் ட்ரினிட்டி கல்லூரியில் தனிப் பரீட்சை இருக்கிறது, அதற்கு இந்த 61 கட்டை காணும். ஆனால் அவள் கேட்பது பியானோ கிரேட் பரீட்சை. அதற்கு 88 கட்டையும் உண்மையான பியானோ மாதிரிப் பாரமான கட்டைகளும் வேண்டும், இந்த இலகுவான கட்டைகளில் பழகிய விரல் அங்கே போய்த் திணறுகிறது. டிஜிட்டல் பியானோ பார்க்கத் தொடங்கிவிட்டோம். மெல்லிய மொடல்களும் 132 சென்ரிமீற்றர் வருகின்றன. நேற்று ஃபிரிஜ்ஜுக்கும் கதவுக்கும் நடுவே அளந்தேன், 127. ஃபிரிஜ்ஜைக் குசினிக்குள் தள்ளலாம் என்கிறாள் மகள். குசினிக்குள் தன்னை எங்கே தள்ளுவது என்று கேட்கிறாள் மனைவி.